பேசிக்கொண்டே நடக்கவும்

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் கடைசிக் கட்டத்தில் இடம் போதாததால் பிறந்தது.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் பிசியோதெரபிஸ்ட். திருச்சியில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்குக்காக, நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டே உடற்பயிற்சி செய்த ஒரு நோயாளியைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். படிவமும் கொடுத்தார்கள். வயது, கட்டியின் நிலை, மருந்து, பயிற்சிக்கு முன் ஆறு நிமிடத்தில் நடந்த தூரம், பயிற்சிக்குப் பின் நடந்த தூரம். முன்: 234 மீட்டர். பின்: 312 மீட்டர். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘பிற குறிப்புகள்’. இரண்டு விரல் அகலம். அதில் ‘கணவர் கூடவே நடந்தார்’ என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவை மூடியபோது, இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதே இல்லை என்று தோன்றியது.

என் பெயர் வானதி. சிறுபத்திரிகைகளில் ஐந்து கதைகள் வந்திருக்கின்றன. நோயாளிகளைப் பற்றி எழுதியதில்லை. இதற்கு அனுமதி கேட்டபோது அந்த அம்மாள் சொன்னார்: “எழுது. ஆனா எம் பேரப் போடாத. ஹபீபுன்னிசான்னு போடு.”

“அது யாரும்மா?”

“எட்டாங்கிளாஸ்ல எனக்கு முன் பெஞ்சு. ஓட்டப்பந்தயத்துல எப்பவும் அவதான் ஜெயிப்பா.”

2

தொடக்கம் ஒன்று: மூச்சு என்பது

[நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.]

தொடக்கம் இரண்டு: ஆற்றில் தண்ணீர் வந்த அன்று ஹபீபுன்னிசாவின் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது.

[நல்ல வாக்கியம். ஆனால் பொய். ஆற்றில் தண்ணீர் ஜூனிலேயே வந்துவிட்டது. நெஞ்சில் நீரைக் கண்டுபிடித்தது ஆகஸ்டில். அழகுக்காக இரண்டு மாதத்தை நகர்த்த எனக்கு உரிமையில்லை. அந்த இரண்டு மாதமும் அவர் யாரிடமும் சொல்லாமல் இருமிக்கொண்டிருந்தார்.]

தொடக்கம் மூன்று கீழே வருகிறது. அழகில்லை என்றாலும் அதுதான் நின்றது.

3

ஹபீபுன்னிசாவுக்கு நாற்பத்தொன்பது வயது. கூத்தாநல்லூர்க்காரர். பீடி சிகரெட்டின் வாடையே ஆகாது. ஆனாலும் நுரையீரலில் புற்றுநோய் வந்திருந்தது. பெண்களுக்கு அப்படி வருவதுண்டு. அறுவை சிகிச்சைக்கு இடமில்லாத நிலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீதம் ஆறு முறை கீமோ என்று முடிவானது. 2011 செப்டம்பரில் தொடங்கியது.

கணவர் இப்ராஹிம் சவூதியில் தமாமில் வாகன உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். கல்யாணமான வருஷமே, எண்பத்தைந்தில், விமானம் ஏறியவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது எல்லாம் சேர்த்து இரண்டு வருடமும் சில மாதங்களும்தான். மனைவியின் நோய் கேள்விப்பட்டு ஆகஸ்ட் கடைசியில் ஊர் வந்திருந்தார். ஜனவரி இருபதாம் தேதிக்குள் திரும்பிப் போகாவிட்டால் அவருடைய இக்காமா, அதாவது அந்த நாட்டில் தங்கி வேலை செய்யும் அனுமதி, ரத்தாகிவிடும்.

முதல் கீமோ முடிந்து ஐந்தாம் நாள் அவர்களை என் அறைக்கு அனுப்பினார்கள். நீண்ட நடைவழியில் முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, ஹபீபுன்னிசாவை ஆறு நிமிடம் நடக்கச் சொன்னேன். இரண்டு முறை நின்றார். 234 மீட்டர்.

“இனிமே வீட்லயும் நடக்கணும்மா,” என்றேன். “வாரத்துக்கு அஞ்சு நாள். நாற்காலியில உக்காந்து எந்திரிக்கிற பயிற்சியும் இருக்கு. சொல்லித் தர்றேன்.”

மகள் அனீஸா கூட வந்திருந்தாள். நாகூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “மருந்து ஏத்தி இன்னும் ஒரு வாரம் ஆகல. எந்திரிச்சி பாத்ரூம் போறதுக்கே அம்மாவுக்கு இளைக்குது. படுத்திருக்க வேண்டியவங்கள நடக்கச் சொல்றீங்களே?”

“படுத்தே இருந்தா தசை கரைஞ்சு போயிடும். அப்புறம் பாத்ரூமுக்கும் நடக்க முடியாது. அடுத்த கீமோவ உடம்பு தாங்காது.”

“நடந்தா நோய் போயிடுமா?” என்று இப்ராஹிம் கேட்டார். அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம் அது.

“போகாதுங்க. நோய்க்கு மருந்து. மருந்தத் தாங்குறதுக்கு நடை.”

[இந்த இரண்டு வரியை எந்த வாசகரும் தாண்டிப் போய்விடக் கூடாது. நடந்தால் புற்றுநோய் குணமாகும் என்று யாரேனும் இந்தக் கதையைக் காட்டிச் சொன்னால் நான் மறுப்பேன்.]

அளவு எப்படித் தெரியும் என்று ஹபீபுன்னிசா கேட்டார். எவ்வளவு வேகம், எப்போது நிறுத்துவது? ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் சிறு கருவியைக் கொடுத்தேன். காய்ச்சல், மயக்கம், நெஞ்சுவலி இருந்தால் நடக்கவே கூடாது என்றேன். அதோடு, எல்லோருக்கும் சொல்லும் எளிய வழியையும் சொன்னேன். “கூட ஒருத்தர் நடக்கணும். அவங்ககூட நீங்க பேச முடியணும். பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தி, நின்னுடுங்க.” சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதியும் கொடுத்தேன்: பேசிக்கொண்டே நடக்கவும்.

அதைப் படித்துவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்ததை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

4

இப்ராஹிமைப் பற்றி ஓர் ஒப்புதல் வாக்குமூலம். முதல் வரைவில் அவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதியிருந்தேன். மனைவி இழுத்து இழுத்து மூச்சு வாங்க, இவர் கைபேசியில் அரபியில் பேசிக்கொண்டே போவார். அப்படி எழுதுவது சுலபமாக இருந்தது. ஒரு பாத்திரத்தை எழுதுவது சுலபமாக இருந்தால் அங்கே நான் எதையோ பார்க்கத் தவறியிருக்கிறேன் என்று பொருள்.

உண்மையில் அவர் பயந்துபோயிருந்தார்.

அவர்கள் வீடு அந்த ஊரின் பழைய வீடுகளைப் போல நீளமானது. தெருக்கதவிலிருந்து கொல்லைக்கதவு வரை நேராக ஐம்பத்திரண்டு காலடி. காலை வேளையில் போக வர, போக வர நடக்க வேண்டும். முதல் நாள் நடந்த உரையாடலை இருவருமே ஒப்புக்கொண்டார்கள்.

“சாப்பிட்டியா?”

“ம்.”

“மாத்திர?”

“போட்டாச்சு.”

அவ்வளவுதான். இருபத்தாறு வருடம் தொலைபேசியில் பேசியதும் ஏறத்தாழ அதுதான்: எல்லாரும் சுகமா, புள்ளைக்குப் பரீட்சை எப்ப, மழை பெஞ்சுதா. ஆரம்பத்தில் பூத்தில் வரிசையில் நின்று, பிறகு வீட்டுத் தொலைபேசியில், பிறகு கைபேசியில். கருவி மாறியது, பேச்சு மாறவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்தபோது நான் கேட்டேன். “பேசிக்கிட்டே நடக்கிறீங்களா?”

“எண்ணிக்கிட்டே நடக்கிறோம்,” என்றார் ஹபீபுன்னிசா. “அவங்க ஒண்ணும்பாங்க, நான் ரெண்டும்பேன்.”

“அது பேச்சு இல்லம்மா.”

“என்ன பேசுறதுங்க?” என்று இப்ராஹிம் கேட்டார். கிண்டல் இல்லை. மருந்தின் அளவைக் கேட்பதுபோலக் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

“தெரியாதத கேளுங்க,” என்றேன். “ஒவ்வொரு நடைக்கும் ஒருத்தர் ஒரு கேள்வி. மத்தவங்க பதில் சொல்லணும்.”

எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத சிகிச்சை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

5

முதல் கேள்வியை ஹபீபுன்னிசா கேட்டார். “அங்க காலையில எந்திரிச்சதும் மொதல்ல என்னா பண்ணுவீங்க?”

இப்ராஹிம் கொல்லைக்கதவு வரை யோசித்தார். “சோத்துக்கு உல வைப்பேன்.”

“யாரு, நீங்களா?”

“ரூம்ல எட்டு பேரு. ரெண்டு வருஷத்துல எல்லாருக்கும் நான்தான் சமையல்னு ஆயிப்போச்சு. எங்கையால மீனாணம் வச்சா மலையாளத்து ஆளுங்கல்லாம் தட்டத் தூக்கிட்டு வந்துருவாங்க.”

மீன் குழம்பு வைக்கத் தெரிந்த இந்த மனிதர் விடுப்பில் வந்த பதின்மூன்று முறையும் சமையற்கட்டுக்குள் கால் வைத்ததில்லை. ஹபீபுன்னிசாவுக்குச் சிரிப்பு வந்து, இருமல் வந்து, நிற்க வேண்டியதாயிற்று. மறுநாள் முதல் அடுப்படி இப்ராஹிமிடம் போனது. கீமோவுக்குப் பின் தாளிக்கும் வாடையே அந்த அம்மாளுக்குக் குமட்டும். கடுகு, எண்ணெய் இல்லாமல் கஞ்சியும் துவையலும் எப்படி விதவிதமாகச் செய்வது என்று இப்ராஹிம் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்.

[அவர்கள் நடக்கும்போது நான் அங்கே இல்லை. பிறகு எப்படித் தெரியும்? இருவரும் தனித்தனியே சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் பொருந்தாத இடங்களில் நான் ஹபீபுன்னிசாவின் பக்கம் சாய்ந்திருக்கிறேன். கதாசிரியருக்கு அந்தச் சலுகை உண்டு.]

இரண்டாம் கீமோ முடிந்தபோது நூறு காலடிக்கு ஒருமுறை நின்றவர், போக வர நான்கு நடை நிற்காமல் நடந்தார். ரத்த அணுக்கள் சரியாக இருந்த வாரத்தில் முகத்தில் துணிக்கவசம் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரைக்கே போனார்கள். இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து பச்சை கட்டியிருந்தது. அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த அமிர்தலிங்கம் வரப்பேறி வந்து, “நீங்க இல்லாம வாய்க்கால் மொற பிரிக்கிறதுல ஒரே தகராறும்மா. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க,” என்றாராம். ஹபீபுன்னிசா நின்ற இடத்தில் நின்றே யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று தீர்த்துவைத்தார். இப்ராஹிம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அமிர்தலிங்கம் அவருக்கும் ஒரு வணக்கம் வைத்தார், விருந்தாளிக்கு வைப்பதுபோல.

6

இந்தப் பகுதியைப் பலமுறை எழுதிக் கிழித்தேன்.

அக்டோபரில் மூன்றாவது கீமோ. அது முடிந்து ஆறாம் நாள், கேள்வி கேட்கும் முறை இப்ராஹிமுடையது. அவர் நெடுநாளாக வைத்திருந்ததைக் கேட்டார்.

“தொண்ணூத்தொம்பதுல நான் ஒரு கடிதாசி போட்டேன். நெனப்பிருக்கா? ஒரேயடியா வந்துடுறேன், மன்னார்குடியில ஸ்பேர் பார்ட்ஸ் கட போட்டுக்கலாம்னு.”

“இருக்கு.”

“இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும்னு பதில் போட்டே. ஏன்?”

வீட்டின் நடுக்கட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். சொல்வதற்கு எத்தனையோ காரணங்கள் இருந்தன. மகளின் படிப்பு, மாமியாரின் உடம்பு. சொன்னால் அவரும் நம்பியிருப்பார். ஹபீபுன்னிசா அவற்றைச் சொல்லவில்லை.

“நீங்க வர்றது எனக்குப் பயமா இருந்துச்சு,” என்றார். “கல்யாணமாகி வந்தப்ப பக்கத்துத் தெருவுக்குப் போறதுக்கும் உங்கம்மாகிட்ட கேட்டுக்கிட்டு நின்னவ நான். நீங்க போன பொறவுதான் கரண்டு ஆபீசு, பள்ளிக்கூடம், வயக்காடுன்னு எல்லாத்தையும் ஒத்தையில கத்துக்கிட்டேன். நீங்க வந்தா மறுபடி அந்தப் புள்ளயா ஆயிடுவேன்னு தோணுச்சு.”

இப்ராஹிமின் வேகம் கூடியது. ஹபீபுன்னிசா எட்டிப் பிடிக்கப் பார்த்து, முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 86க்கு இறங்கியிருந்தது. சில நிமிடங்களில் ஏறிவிட்டது. ஆனால் அன்று முதல் இரண்டு நாள் இப்ராஹிம் கஞ்சி வைத்தார், மாத்திரை எடுத்துக் கொடுத்தார், வாய் திறக்கவில்லை. நடையும் நின்றது.

[முதல் வரைவில் இந்த இடத்தில் அவர் அழுததாக எழுதியிருந்தேன். “அவங்க அழுவல. வெங்காயம்கூட அழுவாம நறுக்குற ஆளு,” என்று ஹபீபுன்னிசா அந்த வரியை அடித்துவிட்டார்.]

மூன்றாம் நாள் காய்ச்சல் நூற்று இரண்டுக்கு ஏறியது.

7

வாடகைக் காரில் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. தனி அறை, ஊசி, ஊசி, மறுபடி ஊசி. நான் பார்க்கப் போனபோது அனீஸா வாசலிலேயே மறித்தாள்.

“நீங்க உள்ள வர வேண்டாங்க. நடக்க வச்சு நடக்க வச்சுத்தான் இந்த நெலமைக்குக் கொண்டாந்துட்டீங்க.”

கீமோவால் வெள்ளணு குறையும், அதனால் காய்ச்சல் வரும், நடைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். மருத்துவரும் அவளிடம் அதையே சொன்னார். தெரிந்தும் அன்று நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அவர்களைப் பேசச் சொன்னது மருத்துவம் அல்ல, என் யோசனை. அதில் என்ன கிளம்பும் என்று நான் யோசிக்கவில்லை. நோயாளியின் ஆக்சிஜனை அளந்தேன், வீட்டில் இரண்டு நாளாக யாரும் யாரிடமும் பேசவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

மாலையில் இப்ராஹிம் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“நடந்ததால வந்துச்சா?”

“இல்லைங்க. மருந்தால.”

“நான் பேசாம இருந்ததால?”

எட்டு வருட வேலையில் என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை.

“அதக் கண்டுபிடிக்க எங்கிட்ட டெஸ்ட் இல்லைங்க,” என்றேன். “நீங்கதான் உள்ள போய்ப் பாக்கணும்.”

அவர் போனார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் மருத்துவர் அனுமதியோடு கட்டிலோரப் பயிற்சியை மறுபடி தொடங்கினோம். உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து. ஐந்து முறை போதும். இப்ராஹிம் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தானும் அவரோடு எழுந்து உட்கார்ந்தார். நான் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆகவே இந்த உரையாடலை என் காதால் கேட்டேன்.

“நீ அந்தப் பதில் போட்டப்ப,” என்று இப்ராஹிம் தொடங்கினார். எழுந்தார், உட்கார்ந்தார். “எனக்கு நிம்மதியா இருந்துச்சு.”

ஹபீபுன்னிசா பாதி எழுந்த நிலையில் நின்றார்.

“அங்க கிடங்குச் சாவி எங்கிட்ட. எட்டு பேருக்கு நான் சோறு போடுறவன். இங்க வந்தா எங்க துண்டு இருக்குன்னுகூட ஒன்னத்தான் கேக்கணும். நானும்தான் பயந்தேன்.”

“அப்ப எதுக்கு ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க?”

“நீ மொதல்ல சொல்லிட்டியேன்னு.”

ஹபீபுன்னிசா சிரித்ததில் கருவி நழுவி விழுந்தது. மீண்டும் மாட்டினேன். 95. வாசலில் நின்ற அனீஸா தன் பெற்றோரை, இதுவரை பார்த்திராத இரண்டு பேரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நாற்காலி ஆடுது, வேற கொண்டாரவா?” என்று கேட்டாள்.

8

நவம்பர் முழுக்க அடைமழை. வீட்டுக்குள்ளேயே நடந்தார்கள். நான்காவது கீமோவின் அளவை மருத்துவர் கொஞ்சம் குறைத்தார். ஐந்தாவதில் கால் விரல்கள் மரத்தன. தலைமுடி கொட்டியது. நடக்கவே முடியாத நாட்கள் இருந்தன, அன்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். ஆறாவது கீமோ டிசம்பரில் முடிந்தது. ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. போய்விடவில்லை. இனியும் மருந்து தொடரும்.

ஜனவரி ஒன்பதாம் தேதி அதே நடைவழி, அதே முப்பது மீட்டர். இந்தச் சோதனைக்கு ஒரு விதி உண்டு. நடப்பவரோடு யாரும் கூட நடக்கக் கூடாது, பேச்சும் கொடுக்கக் கூடாது. இப்ராஹிமை ஓரமாக உட்காரவைத்தேன். ஹபீபுன்னிசா தனியாக, ஒருமுறைகூட நிற்காமல் நடந்தார். 312 மீட்டர்.

“அவ்வளவுதானா?” என்றார். முன் பெஞ்சு ஓட்டக்காரிக்கு அது போதாது என்று நினைத்திருக்கலாம்.

பிறகு இருபதாம் தேதி நெருங்கியது. போகவா என்று இப்ராஹிம் கேட்டார். வாய்க்கால் கரையில், கதிர் பழுத்துச் சாய்ந்திருந்த வயல்களுக்கு நடுவே.

“நான் சொன்னேன்னு போகவும் வேண்டாம், நான் சொன்னேன்னு இருக்கவும் வேண்டாம்,” என்றார் ஹபீபுன்னிசா. “இருக்கறதா இருந்தா ஒண்ணு. வயல் விவகாரம் எங்கிட்டதான்.”

“இருக்கட்டும். அடுப்படி எனக்கு.”

“சரி.”

அன்று சாயங்காலம் இப்ராஹிம் தமாமுக்குப் போன் செய்து முதலாளியிடம் அரபியில் வெகுநேரம் பேசினார். தன் கணவர் இன்னொரு மொழியில் இவ்வளவு சரளமாக, கையை ஆட்டி, அதட்டி, குழைந்து பேசுவார் என்று ஹபீபுன்னிசா அன்றுதான் கண்டார். கதவோரம் நின்று கடைசி வரை கேட்டாராம். ஒரு வார்த்தையும் புரியவில்லை. இருபதாம் தேதி வந்தது, போயிற்று.

9

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் எனக்கு முடிவு எழுத ஆசை. மூன்று எழுதி எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூத்தாநல்லூருக்குப் போனேன். இப்ராஹிம் மீனாணம் வைத்திருந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த மலையாளத்து ஆட்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

முதல் முடிவில் அடுத்த ஸ்கேனில் கட்டியே இல்லை. “அப்படி நடக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாருல்ல. எதுக்கு அள்ளி விடுற?” என்றார் ஹபீபுன்னிசா.

இரண்டாவதில் இப்ராஹிம் மட்டும் வாய்க்கால் கரையில் நடக்கிறார். ஹபீபுன்னிசா முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “மூணுல இதுதான் நல்லா எழுதியிருக்க. ஆனா இதுக்கு இன்னும் நேரமிருக்கு.” மடித்து என் பைக்குள் அவரே வைத்தார்.

மூன்றாவது, இருவரும் கைகோத்து சூரிய அஸ்தமனத்தில். பாதி படித்துவிட்டுக் கணவரிடம் கொடுத்தார். இப்ராஹிம் படித்து, “கைய கோத்துக்கிட்டு வரப்புல நடக்க முடியாதுங்க. ரெண்டு பேரும் விழுவோம்,” என்றார்.

10

ஆகவே முடிவு இல்லை. அடுத்த ஸ்கேன் வியாழக்கிழமை. அதன் அறிக்கையைக் கதையின் முடிவாக்க மாட்டேன். அது வருவதற்கு முன்பே இதை அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

இன்று காலை, வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வதற்காகப் போன் செய்தேன். ஹபீபுன்னிசாதான் எடுத்தார். காற்று இரைந்தது. மூச்சு கொஞ்சம் வாங்கியது, ஆனால் வார்த்தை உடையவில்லை.

“வானதி, நடந்துக்கிட்டிருக்கோம். இவங்க ஒரு கேள்வி கேட்டுட்டாங்க. அதுக்குப் பதில் சொல்லணும். அப்புறம் பேசுறேன்.”

வைத்துவிட்டார்.

என்ன கேள்வி என்று எனக்குத் தெரியாது. இந்த ஒருமுறை நான் விசாரிக்கப்போவதும் இல்லை. உங்களுக்குத் தோன்றும் ஒரு கேள்வியை அங்கே வைத்துக்கொள்ளுங்கள், கஷ்டமானதாகவே இருக்கட்டும். பதில் சொல்ல அவரிடம் மூச்சு இருக்கிறது.